மிரட்டல் வந்த நாளிலிருந்தே தொடங்குங்கள்: சட்டவிரோதக் கொலைகளைத் தடுக்கவும் பொறுப்பானவர்களைப் பதில் சொல்ல வைக்கவும் ஒரு வழிகாட்டி

ஒருவர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட பின் அக்கம்பக்கத்தில் விசாரித்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: அவருக்கு ஆபத்து இருந்தது எல்லோருக்கும் தெரியும். மிரட்டியவர் யார், எதற்காக மிரட்டினார், எத்தனை முறை வாசலுக்கு வந்து போனார் என்பதெல்லாம் தெரிந்தே இருந்திருக்கும். ஆனால் அந்தச் செய்தி, காப்பாற்றும் அதிகாரம் உடையவரின் மேசைக்கு எழுத்தாகப் போய்ச் சேர்ந்திருக்காது. சேர்ந்திருந்தாலும், சேர்ந்ததற்கான அத்தாட்சி எதுவும் குடும்பத்தின் கையில் இருக்காது. ஓர் உயிரைக் காப்பதற்கும், காக்கத் தவறியவர்களையும் கொன்றவர்களையும் பின்னர் பதில் சொல்ல வைப்பதற்கும் தேவைப்படுவது ஒரே காகிதம்தான் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. பாதுகாப்பு ஒரு வேலை, நீதி கேட்பது வேறொரு வேலை என்று பிரித்து வைத்தால் இரண்டுமே தளர்ந்துபோகும்.

இது சட்டம் படித்தவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. அச்சுறுத்தலுக்கு ஆளான மக்களோடு பழகும் ஆசிரியர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள், பத்திரிகையாளர்கள், எல்லோருக்கும் மேலாக அந்தக் குடும்பத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், இதில் சொல்லப்படுவனவற்றை உங்கள் நாட்டின் சட்டமறிந்த ஒருவரோடு கலந்து பேசி நடைமுறைப்படுத்த வேண்டும்.

எந்தக் கொலை, யாருக்கு ஆபத்து

குடிசார் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 6ஆவது பிரிவு, எவருடைய உயிரும் தன்னிச்சையாகப் பறிக்கப்படக் கூடாது என்கிறது. காவலில் அடித்துக் கொல்வது, சரணடைந்தவரைச் சுடுவது, கூட்டத்தின் மீது தேவையின்றித் துப்பாக்கியைப் பயன்படுத்துவது, அரசின் ஆதரவோடு இயங்கும் ஆயுதக் குழுக்கள் ஆட்களைத் தீர்த்துக்கட்டுவது ஆகியன இதில் நேரடியாக அடங்கும். தனியார் செய்யும் கொலை என்று சொல்லி அரசு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஆபத்தை அறிந்தும் தடுக்காமல் இருந்தால், அல்லது நடந்த பின் ஒழுங்காக விசாரிக்காமல் விட்டால், அதுவும் உயிர் வாழும் உரிமையை மீறியதாகவே கருதப்படும்.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2018இல் வெளியிட்ட 36ஆவது பொதுக் கருத்துரை, அரசு தனிக் கவனத்தோடு காக்க வேண்டியவர்களை வரிசையாகக் குறிப்பிடுகிறது: மனித உரிமைப் பாதுகாவலர்கள், ஊழலை எதிர்க்கும் அதிகாரிகள், பத்திரிகையாளர்கள், குற்றத்துக்குச் சாட்சியானவர்கள், குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்கள், தெருவில் வாழும் குழந்தைகள், இன, மதச் சிறுபான்மையினர், பழங்குடியினர், ஒருபாலீர்ப்பினர், மாற்றுப்பாலினத்தவர், அல்பினிசம் (பிறவியிலேயே தோலில் நிறமி குறைந்திருப்பது) உள்ளவர்கள், சூனியம் வைப்பதாகப் பழி சுமத்தப்பட்டவர்கள், இடம்பெயர்ந்தோர், அகதிகள், நாடற்றோர். இந்தப் பட்டியலை மனுவில் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுவது வெறும் அலங்காரம் அன்று. 2010 நவம்பரில், சட்டவிரோதக் கொலைகளைக் கண்டிக்கும் தீர்மானத்திலிருந்து பாலியல் நாட்டம் பற்றிய சொற்களை ஐ.நா. பொதுச்சபையின் மூன்றாவது குழு வாக்கெடுப்பின் மூலம் நீக்கிவிட்டது. பலரது கடும் முயற்சிக்குப் பின் அடுத்த மாதமே பொதுச்சபை அதை மீண்டும் சேர்த்தது. பெயரை நீக்குவதற்கு அத்தனை பேர் முனைந்தார்கள் என்பதே, பெயர் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று.

மிரட்டலைப் பதிவு செய்தல்

முதல் மிரட்டல் வந்த நாளிலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்க வேண்டும். தேதி, நேரம், இடம், மிரட்டியவர் யார், உடன் யார் இருந்தார்கள், வந்த வாகனத்தின் நிறமும் எண்ணும் என்ன, அதைக் கேட்டவர்கள் யார் என்பன அதில் இருக்க வேண்டும். சொல்லப்பட்ட சொற்களை, எவ்வளவு அருவருப்பானவையாக இருந்தாலும், சொன்னபடியே எழுத வேண்டும். 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதப்படும் வரி நீதிமன்றத்தில் ஒன்றுக்கும் உதவாது. சாதியையோ மதத்தையோ பாலினத்தையோ குறித்துச் சொல்லப்பட்ட அந்த ஒரு சொல்தான், கொலை நடந்தால் அது எந்த வெறுப்பினால் நடந்தது என்பதைக் காட்டும். 1996இல் பல்கேரியாவில், ரோமா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஆயுதமற்ற இரு இளைஞர்களை இராணுவக் காவலர்கள் சுட்டுக் கொன்ற வழக்கில், சுட்டவர் அவர்களுடைய இனத்தைச் சொல்லி வசைபாடியதாக அருகில் இருந்த ஒருவர் சாட்சி சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து இனவெறுப்பு இருந்ததா என்று புலனாய்வு செய்யாததே மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

கைபேசியில் வந்த மிரட்டலைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைப்பது மட்டும் போதாது. அனுப்பிய எண், தேதி, முழு உரையாடல் ஆகியவை தெரியும்படி எடுத்துக்கொண்டு, மூலச் செய்தியை அழிக்காமல் அந்தக் கைபேசியிலேயே வைத்திருக்க வேண்டும். மன உளைச்சல் தாங்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அதனால்தான் அந்தக் கைபேசியை நம்பகமான வேறொருவரிடம் ஒப்படைத்து, பாதிக்கப்பட்டவர் புதிய எண்ணுக்கு மாறுவது நல்லது.

எல்லா மிரட்டலும் ஒரே எடை உடையவை அல்ல. குடும்ப வன்முறையில் முன்பு எப்போதாவது கழுத்தை நெரித்திருந்தால், வீட்டில் துப்பாக்கி இருந்தால், அண்மையில் அந்தப் பெண் பிரிந்து வந்திருந்தால் கொலைக்கான வாய்ப்பு மிக அதிகம். கழுத்தை நெரித்த அடையாளம் வெளியே தெரியாமலே போகலாம் என்பதால், குரல் கம்முவது, விழுங்கும்போது வலிப்பது, கண்ணின் வெண்பகுதியில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது ஆகியவற்றைக் கேட்டும் பார்த்தும் குறித்துக்கொண்டு, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு சமூகம் முழுவதற்குமான ஆபத்து என்றால் வேறு அறிகுறிகள் இருக்கும்: வதந்திகள் ஒரே வாசகத்தோடு பல இடங்களில் பரவுவது, வீடுகளில் அடையாளமிடுவது, கடைகளைப் புறக்கணிக்கச் சொல்வது, அந்த மக்களை விலங்குகளோடும் நோயோடும் ஒப்பிட்டு மேடையில் பேசுவது, இருந்த காவல் திடீரென விலக்கிக்கொள்ளப்படுவது. மனித உரிமைப் பாதுகாவலருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் அவதூறாகவும் பொய் வழக்காகவும் தொடங்கும். இவை எதுவும் தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தோன்றும். குறிப்பேட்டில் தேதி வரிசையில் வரும்போதுதான் அவற்றின் போக்கு புலப்படும்.

எழுத்தில் தெரிவித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும். 1998இல் ஐக்கிய இராச்சியம் தொடர்பான ஒரு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வகுத்த அளவுகோல், இன்று பல நாட்டு நீதிமன்றங்களிலும் எதிரொலிக்கிறது: அடையாளம் காணக்கூடிய ஒருவரின் உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டியதா, அப்படியானால், தம் அதிகாரத்துக்கு உட்பட்டு நியாயமாகச் செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்களா? அந்த வழக்கில், உயிர் வாழும் உரிமை மீறப்பட்டது என்ற வாதத்தில் குடும்பம் தோற்றது. அதிகாரிகளுக்கு அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதை நிறுவ முடியவில்லை என்பதே காரணம். ஆகவே நீங்கள் எழுதும் மனுவின் ஒவ்வொரு வரியும், பின்னாளில் எவரும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல இடம் கொடுக்காதபடி அமைய வேண்டும்.

மனுவில் ஐந்து செய்திகள் இருந்தாக வேண்டும்: ஆபத்தில் உள்ளவர் யார், மிரட்டுகிறவர் யார், இதுவரை நடந்தது என்ன, ஆபத்து ஏன் உடனடியானது, எந்த நடவடிக்கை எந்தத் தேதிக்குள் வேண்டும். 'உரிய நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிக்கும் பழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். உரிய நடவடிக்கை எது என்பதை நீங்களே சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"மேற்சொன்ன நபர் கடந்த மூன்று வாரங்களில் நான்கு முறை என்னைக் கொல்லப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசியாக நேற்று மாலை 6 மணிக்கு என் வீட்டு வாசலில், இரண்டு அயலவர் முன்னிலையில், கையில் துப்பாக்கியோடு அதைச் சொன்னார். என் உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளது என்பதை இதன் மூலம் தெரிவிக்கிறேன். அவருடைய துப்பாக்கி உரிமத்தை நிறுத்தி ஆயுதத்தைக் கைப்பற்றவும், அவர் என்னை நெருங்கக் கூடாது என்ற ஆணையைப் பெற்றுத்தரவும், இன்றிலிருந்து என் வீட்டருகே காவல் ரோந்து ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன். எடுத்த நடவடிக்கையை 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

மனுவை ஒரே அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. காவல் நிலையம், அதன் மேலதிகாரி, அரசு வழக்குரைஞர் அலுவலகம், தேசிய மனித உரிமை ஆணையம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அனுப்பி, யார் யாருக்கு நகல் போகிறது என்பதை மனுவின் அடியிலேயே எழுத வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். பெற்றுக்கொள்ள மறுத்தால், மறுத்தவரின் பதவியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். மிரட்டுவதே காவல்துறையைச் சேர்ந்தவர் என்றால் அந்த நிலையத்துக்குப் போகவே கூடாது. வழக்குரைஞர் வழியாக நீதிபதியையோ வேறு பகுதியின் உயரதிகாரியையோ அணுக வேண்டும்.

புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி வரும் நெருக்குதலையும் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். துருக்கியில் பல ஆண்டுகளாக ஒரு பெண்ணையும் அவருடைய தாயையும் தாக்கி வந்த மருமகன் மீது பல முறை புகார்கள் கொடுக்கப்பட்டன. அச்சத்தால் அவற்றுள் சில திரும்பப் பெறப்பட்டதும் வழக்குகள் கைவிடப்பட்டன. 2002இல் அந்தத் தாய், தன் உயிருக்கு ஆபத்து என்று அரசு வழக்குரைஞர் அலுவலகத்தில் மனு கொடுத்த சில வாரங்களுக்குள், வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று அரசு சொன்ன சமாதானத்தை 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கவில்லை: ஆபத்து அவ்வளவு தெளிவாக இருக்கும்போது, புகார் திரும்பப் பெறப்பட்டாலும் அரசு வழக்கைத் தொடர்ந்திருக்க வேண்டும். புகாரை விலக்கிக்கொண்ட ஒருவரை இனி உதவி செய்யப் பயனில்லாதவர் என்று நாம் கைவிடுவதும் அதே தவறுதான். அவர் விலக்கிக்கொண்டதற்கான சூழ்நிலையைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

ஆளைக் காத்தல்

அரசின் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் உயிரைக் காப்பது அருகில் இருப்பவர்களின் பொறுப்பாகிறது. அதில் முதல் விதி, ஆபத்தில் உள்ளவரின் விருப்பத்தை மீறி எதையும் செய்யக் கூடாது என்பது. அவருடைய பெயரை வெளியிடுவதா, ஊடகத்துக்குச் சொல்வதா, வீட்டை விட்டு வெளியேறுவதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். எது எப்போது பாதுகாப்பானது என்பதை அவரளவுக்கு வேறு யாரும் அறிந்திருப்பதில்லை. விளம்பரம் சிலரைக் காப்பாற்றும், சிலரை இன்னும் வேகமாகக் கொல்ல வைக்கும்.

வெளியே செல்லும்போது துணைக்கு ஒருவர், நாளுக்கு இரண்டு முறை குறித்த நேரத்தில் பேசும் ஏற்பாடு, அழைப்பு வராவிட்டால் எத்தனை நிமிடத்துக்குள் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எழுதிவைத்த முடிவு ஆகியன எளியவை. ஆனால் அழைப்பு தவறிய பிறகு என்ன செய்வது என்பதை முன்பே பேசாததால்தான் அவை பெரும்பாலும் பலனளிக்காமல் போகின்றன. தங்குமிடம் மாறும்போது முகவரி இரண்டு மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது. கைபேசியில் இருப்பிடம் பகிரும் வசதி, குடும்பத்தினர் பொதுவாகப் பயன்படுத்தும் கணக்குகள், குழந்தைகளின் பள்ளி ஆகியவற்றின் வழியாகத்தான் மறைவிடங்கள் பெரும்பாலும் வெளிப்படுகின்றன. அடையாள ஆவணங்கள், மருந்துகள், சிறிது பணம், குறிப்பேட்டின் நகல் ஆகியவை ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

மிரட்டப்பட்டவரையே 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் அடைத்து வைக்கும் யோசனையை உறுதியாக எதிர்க்க வேண்டும். குடும்ப மானத்தின் பெயரால் கொலை மிரட்டலுக்கு உள்ளான பெண்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் சிறையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். குற்றம் செய்தவர் வெளியே நடமாட, குற்றத்துக்கு இலக்கானவர் உள்ளே இருப்பதைப் பாதுகாப்பு என்று அழைப்பது அநீதி. 1989இல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் ஏற்ற, சட்டவிரோதக் கொலைகளைத் தடுப்பது பற்றிய கோட்பாடுகளுள் 4ஆவது, கொலை மிரட்டலுக்கு உள்ளானவர்கள் உட்பட ஆபத்தில் உள்ள தனிநபர்களுக்கும் குழுக்களுக்கும் நீதித்துறை வழியாகவோ பிற வழிகளிலோ பயனுள்ள பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. பாதுகாப்பு ஒரு சலுகை அன்று, கடமை என்பதை நினைவூட்ட இந்த ஒரு வரி போதும்.

காணாமல் போனால்

ஆபத்தில் இருந்த ஒருவரைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்வதை ஏற்கக் கூடாது. 2001இல் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸ் நகரில் இளம்பெண்கள் காணாமல் போனபோது, காதலனோடு போயிருப்பார்கள் என்று அதிகாரிகள் குடும்பத்தினரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நவம்பரில் மூன்று பேரின் உடல்கள் ஒரு பருத்தி வயலில் கிடைத்தன. அவர்களில் இருவர் சிறுமிகள். பெண்கள் அங்கே தொடர்ந்து கொல்லப்பட்டு வரும் சூழலில், காணவில்லை என்ற புகார் வந்த மணி முதல் உடனடியாகத் தேட வேண்டிய கடுமையான கடமை அரசுக்கு எழுந்துவிட்டது என்று அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் 2009இல் கூறியது. எனவே காணவில்லை என்ற புகாரோடு, முன்பு கொடுத்த மிரட்டல் மனுக்களின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். அதே பகுதியில் அதே வகை மக்களுக்கு முன்பு நடந்த கொலைகளையும் அதில் குறிப்பிடுங்கள்.

உயிர் போய்விட்டால்: முதல் நாட்கள்

இந்தப் பகுதி யாருக்கும் பயன்படாமலே போக வேண்டும். ஆனால் துயரத்தில் இருக்கும் குடும்பம் அந்த நேரத்தில் தேடித் தெரிந்துகொள்ள முடியாது என்பதால், உடன் நிற்பவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

உடலைக் குளிப்பாட்டவோ உடை மாற்றவோ கூடாது. கிடந்த இடத்தைக் கழுவக் கூடாது. காவல்துறை முறையாக வருமானால் அவர்கள் வேலையில் குறுக்கிடாமல் தள்ளி நின்று, யார் எப்போது வந்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதைப் பதிவு செய்தால் போதும். வராவிட்டால், அல்லது வருபவர்களே சந்தேகத்துக்குரியவர்களாக இருந்தால், இடத்தை முதலில் தொலைவிலிருந்தும் பிறகு நெருங்கியும் படமெடுக்க வேண்டும். நெருங்கி எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் ஒன்று தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் அளவு தெரிந்த ஒரு நாணயத்தை அருகில் வைக்கலாம். இரத்தம் தோய்ந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதுதான் பலரும் செய்யும் வேலை. ஈரத்தில் பூஞ்சை பிடித்து மரபணுச் சான்று கெட்டுவிடும். நிழலில் காயவைத்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனித் தாள் பையில் போட்டு, மேலே தேதியும் கையெழுத்தும் இட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும்.

பிரேதப் பரிசோதனைதான் வழக்கின் முதுகெலும்பு. 1991இல் வெளியாகி 2016இல் திருத்தி எழுதப்பட்ட மினசோட்டா நெறிமுறை, சட்டவிரோதமாக நிகழ்ந்திருக்கக்கூடிய மரணங்களை எப்படிப் புலனாய்வு செய்ய வேண்டும் என்பதற்கான ஐ.நா.வின் ஆவணம். அதைத் தரவிறக்கிக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போவது மிகையான செயல் அன்று. மேலே சொன்ன 1989 கோட்பாடுகளின்படியும், போதுமான பரிசோதனை முடியும்வரை உடலை அப்புறப்படுத்தக் கூடாது. குடும்பத்தின் சார்பில் ஒரு மருத்துவரோ தகுதி வாய்ந்த வேறொருவரோ பரிசோதனையின்போது உடனிருக்கலாம். இந்த இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும். துப்பாக்கிச் சூடு என்றால் உடலைத் திறப்பதற்கு முன் முழு உடலுக்கும் எக்ஸ்ரே வேண்டும். காவலில் நிகழ்ந்த மரணம் என்றால் உள்ளங்கால்கள், மணிக்கட்டுகள், பிறப்புறுப்பு, முதுகு ஆகியவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். கருமையான தோலில் கன்றிய காயம் வெளியே தெரியாமல் போகும். முதுகிலும் கைகால்களிலும் தோலைக் கீறி அடியில் உள்ள தசையைப் பார்த்தால்தான் அடித்த இரத்தக்கட்டு வெளிப்படும். 'வெளிக்காயம் ஏதுமில்லை' என்று முடியும் ஓர் அறிக்கையைப் பார்த்தால், இந்தக் கீறல் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

அறிக்கையில் ஐயம் இருந்தால் இரண்டாவது பரிசோதனை கேட்கும் உரிமையைக் காக்க, உடலை எரிக்காமல் புதைப்பது நல்லது. இது வழிபாட்டு முறையோடும் குடும்பத்தின் மனத்தோடும் நேரடியாக மோதும் செய்தி என்பதை நன்கு உணர்ந்தே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிவு குடும்பத்தினுடையது, ஆனால் எரித்தபின் திரும்பிப் பார்க்க வழியில்லை என்பதை யாராவது ஒருவர் அவர்களிடம் மென்மையாக, முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். புதைத்த உடல் எவ்வளவு காலத்துக்குப் பிறகும் பேசக்கூடும் என்பதை அர்ஜென்டினா காட்டியது. அரசின் தடயவியலில் குடும்பங்களுக்கு நம்பிக்கை அற்றுப்போன நிலையில், 1984இல் அமெரிக்கத் தடயவியல் மானிடவியலாளர் கிளைட் ஸ்னோவின் வழிகாட்டலில் மாணவர்களைக் கொண்டு உருவான அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியல் குழு, இராணுவ ஆட்சியில் மறைக்கப்பட்டவர்களின் எலும்புகளை அடையாளம் கண்டு வழக்குகளுக்குச் சான்றாக்கியது.

சிறையிலோ காவலிலோ ஒருவர் இயற்கையல்லாத முறையில் இறந்தால், மேலே குறிப்பிட்ட 36ஆவது பொதுக் கருத்துரையின்படி, அரசே உயிரைப் பறித்தது என்ற அனுமானம் எழுகிறது. அதை முறையான புலனாய்வின் மூலம் மட்டுமே மறுக்க முடியும். ஆகவே காவல் மரணத்தில் மெய்ப்பிக்கும் சுமையைக் குடும்பம் தன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் குறைந்தபட்ச விதிகளான நெல்சன் மண்டேலா விதிகளின் 71ஆவது விதியும், காவலில் நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் சிறை நிர்வாகம் தாமதமின்றி, தனக்குத் தொடர்பற்ற சுதந்திரமான அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

காட்சிப் பதிவுகளும் சாட்சிகளும்

கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்து அவற்றின் மேல் புதியவை பதியும். ஆதலால் முதல் நாளிலேயே சுற்றியுள்ள கேமராக்களைக் கணக்கெடுத்து, பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி உரிமையாளர்களுக்கு எழுத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளியைச் செய்தி பரிமாறும் செயலிகள் வழியாக வாங்கினால், எடுத்த நேரமும் இடமும் பற்றிய உள்தகவல்கள் அகன்றுவிடும். கோப்பைக் கம்பி வழியாக நேரடியாக நகலெடுத்து, உடனே அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) மென்பொருள் மூலம் கணித்துக் குறித்து வைப்பது, பின்னர் யாரும் அதில் கைவைக்கவில்லை என்பதைக் காட்ட உதவும். இணையத்தில் கிடைப்பவற்றைச் சேகரிப்பதற்கு 2020இல் வெளியான பெர்க்லி நெறிமுறை நல்ல துணை. கிடைத்த காணொளியைப் பகிர்ந்து பரப்புவதற்கு முன் ஒரு கேள்வி: அதில் முகம் தெரியும் சாட்சியின் கதி என்னவாகும்?

சாட்சிகளிடம் பேசும்போது வேகம் கூடாது. ஒருவரைத் தனியாக, அவர் தேர்ந்தெடுக்கும் இடத்தில், ஒரே ஒரு முறை நன்றாகக் கேட்பது, நான்கு பேர் நான்கு முறை கேட்பதைவிட மேலானது. திரும்பத் திரும்பக் கேட்டால் அவருடைய மனக்காயமும் கிளறப்படும், ஒவ்வொரு வாக்குமூலத்திலும் சிறு வேறுபாடுகள் தோன்றி எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகவும் மாறும். 'அவர் சுட்டதைப் பார்த்தீர்களா?' என்று கேட்காமல், 'பிறகு என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்க வேண்டும். பெயரை இரகசியமாக வைப்போம் என்ற வாக்குறுதியைக் காப்பாற்ற முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். குற்றத்தில் தொடர்புடையதாகக் கருதப்படும் அதிகாரிகள், சாட்சிகள் மீதும் குடும்பத்தினர் மீதும் புலனாய்வாளர்கள் மீதும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அதிகாரம் செலுத்தும் பதவியிலிருந்து அகற்றப்பட வேண்டும் என்று 1989 கோட்பாடுகளில் 15ஆவது சொல்கிறது. இடமாற்றம் கேட்டு எழுதும் மனுவில் இதைத் தவறாமல் மேற்கோள் காட்டுங்கள்.

விசாரணையை அளந்து பார்த்தல்

மினசோட்டா நெறிமுறை நான்கு அளவுகோல்களைத் தருகிறது: விசாரணை விரைவாக இருக்க வேண்டும், பயனுள்ளதாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும், சுதந்திரமாகவும் நடுநிலையாகவும் இருக்க வேண்டும், வெளிப்படையாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை இந்த நான்கையும் எதிரே வைத்துக்கொண்டு வழக்கின் நிலையை எழுதுங்கள். சுட்டவரின் சக ஊழியர்களே புலனாய்வு செய்கிறார்களா? முக்கிய சாட்சியை இன்னும் கேட்கவில்லையா? ஆயுதம் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டதா? உத்தரவிட்ட மேலதிகாரியைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்கப்பட்டதா? மேலிடத்து உத்தரவு என்பது கொலையை நியாயப்படுத்தாது என்பதால், கீழ்நிலைக் காவலர் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கி வழக்கை மூடும் முயற்சியை எதிர்க்க வேண்டும். குறைகளை எழுத்தில் சுட்டிக்காட்டி, புலனாய்வை வேறு அமைப்புக்கு மாற்றும்படி நீதிமன்றத்தை அணுகும்போது இந்த மாதக் குறிப்புகளே மனுவின் உடலாக அமையும்.

உள்நாட்டுக் கதவுகள் அடைபட்டால், மேலே சொன்ன குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையோடு இணைந்த முதல் விருப்ப நெறிமுறையை உங்கள் நாடு ஏற்றிருக்கும் பட்சத்தில் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறையீடு அனுப்பலாம். அதற்கு உள்நாட்டு வழிகளையெல்லாம் முயன்று முடித்திருக்க வேண்டும். 1982 முதல் இயங்கிவரும், சட்டவிரோதக் கொலைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுத அந்த நிபந்தனை இல்லை. உயிருக்கு ஆபத்து இருக்கும்போதே அவருக்கு அவசர வேண்டுகோள் அனுப்பலாம் என்பதைப் பலர் அறியாமல், கொலைக்குப் பிறகே எழுதுகிறார்கள்.

இழப்பீட்டைப் பெற்றுக்கொள்வது குடும்பத்தின் உரிமை. அதை வாங்கியதற்காக யாரும் அவர்களைப் பழிக்கக் கூடாது. ஆனால் வழக்கைக் கைவிடுவதாக எழுதித்தரும் எந்த ஒப்பந்தத்திலும் வழக்குரைஞர் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். பொதுமன்னிப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதும் முடிவு அல்ல. 1991இல் பெருவின் லிமா நகரில் பாரியோஸ் அல்டோஸ் பகுதியில் 15 பேரை இராணுவக் கொலைக்குழு ஒன்று சுட்டுக் கொன்றது; 1995இல் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது; 2001இல் அச்சட்டம் செல்லாது என்று அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 2009இல் முன்னாள் அதிபர் ஆல்பெர்ட்டோ புஜிமோரிக்கு இந்தக் கொலைகளையும் உள்ளடக்கிய வழக்கில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இடையில் 18 ஆண்டுகள்.

அவ்வளவு காலம் ஒரு வழக்கு நீளும் என்றால், கோப்பைச் சுமப்பவர்கள் மாறுவார்கள். எனவே மூல ஆவணங்களை ஓர் இடத்திலும், நகல்களை வேறு ஊரில் உள்ள நம்பகமானவரிடமும், மின்னணுப் படிகளைக் கடவுச்சொல்லிட்ட இரண்டு சேமிப்புகளிலும் வையுங்கள். முதல் பக்கத்தில் எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும், அடுத்த வாய்தா தேதியும், உங்களால் இயலாமல் போனால் கோப்பை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்துள்ள இருவரின் ஒப்பமும் இருக்க வேண்டும்.